பழைய பதிப்புக்கு ஒரு புதிய பூட்டு

என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்பவர்களுக்கு ஒரே வரியில் பதில் சொல்ல எனக்கு இன்னும் வாய்க்கவில்லை. செத்துப்போக வேண்டிய சாஃப்ட்வேர்களைச் சாகவிடாமல் வைத்திருக்கிறேன் என்பதுதான் உண்மையான பதில். ஓமலூரில் ஒரு வெல்ல மண்டி, கெங்கவல்லிப் பக்கம் மரவள்ளிக்கிழங்கு அரைக்கிற ஆலை, திருச்செங்கோட்டில் போர்வெல் போடுகிற ரிக் வண்டிக்காரர்களின் ஆபீஸ் என்று என் வாடிக்கையாளர்கள் பலவிதம். எல்லோரிடமும் எப்போதோ யாரோ எழுதிக் கொடுத்த சாஃப்ட்வேர் ஒன்று இருக்கும். எழுதியவர் வெளிநாட்டுக்குப் பறந்திருப்பார். சாஃப்ட்வேர் மட்டும் இங்கேயே ஓடிக்கொண்டிருக்கும்.

அது இங்கே ஓடிக்கொண்டிருக்கும்போது, அது எழுதப்பட்ட கணினி மொழி சும்மா இருப்பதில்லை. புதிய பதிப்புகள் வந்தபடியே இருக்கும். திருடர்கள் புதிது புதிதாக வழி கண்டுபிடிப்பதால் ஒவ்வொரு பதிப்பிலும் புதிய பூட்டுகளும் வரும். பழைய பதிப்பில் இருப்பவர்களுக்கு அந்தப் பூட்டுகள் கிடையாது. அவற்றை எடுத்துப் பழைய பதிப்புக்கு ஏற்றபடி திருத்தி மாட்டிக் கொடுப்பது என் வேலை. பேக்போர்ட்டிங் என்பார்கள். லாரிக்குப் பாடி கட்டுகிற நாமக்கல்லில் இதைப் புரியவைப்பது கஷ்டமில்லை. “பழைய சேஸிஸ்ல புது பிரேக் மாட்டற மாதிரிங்க” என்றால், “அட, மாட்டலாமே” என்று தலையாட்டிவிடுவார்கள். பெங்களூரிலிருந்து வருகிற என் பழைய சிநேகிதர்கள்தான், “எதுக்கு இந்தத் தொல்லை, மொத்தமாப் புதுசா எழுதிடலாமே” என்பார்கள். அதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யார் எழுதுவது, யார் காசு கொடுப்பது, அதுவரை கடையைப் பூட்டி வைப்பதா என்று கேட்டால் பதில் வராது.

பரமத்தி ரோட்டில் ஒரு மாடியில் இருக்கிற திருமணத் தகவல் மையமும் என் வாடிக்கையாளர்தான். அதன் உரிமையாளர் முன்பு லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தவர். இங்கே லோடு இருக்கிறது, அங்கே வண்டி இருக்கிறது என்று சேர்த்துவைத்துக்கொண்டிருந்தவர், பிறகு பெண்ணையும் மாப்பிள்ளையையும் சேர்த்துவைக்க வந்துவிட்டார். இரண்டும் ஒரே வேலைதான், இதில் டயர் வெடிக்காது, அவ்வளவுதான் வித்தியாசம் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னை அம்மிணி என்பார். அவருடைய வெப்சைட்டில் பதிந்தவர்கள் உள்ளே போய் ஜாதகம் பார்க்கலாம், போட்டோ பார்க்கலாம், பிடித்திருந்தால் விருப்பம் தெரிவிக்கலாம். தமக்கு வந்த விருப்பத்தை ஏற்கலாம், அல்லது வேண்டாம் என்று தட்டலாம்.

ஒரு நாள் காலையில் அவர் போன் செய்தார்.

“அம்மிணி, எங்க இருக்கறீங்க? ஒடனே ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. இங்க பெரிய ரோதனையாப் போச்சு.”

போனபோது அவருக்கு எதிரில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு போன், முகம் முழுக்கக் கோபம். மோகனூர்ப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருப்பவர். தன் ஒரே மகளுக்கு இந்த மையத்தில் வரன் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று நல்ல இடங்களிலிருந்து விருப்பம் வந்திருக்கிறது. அவர் வீட்டில் கலந்து பேசிப் பதில் சொல்லலாம் என்று இருப்பதற்குள், மூன்றுக்கும் அவருடைய கணக்கிலிருந்தே “விருப்பமில்லை” என்று பதில் போய்விட்டது. ஒரு விசேஷ வீட்டில் அந்த மாப்பிள்ளைகளில் ஒருவரின் தகப்பனார் முகத்தைத் திருப்பிக்கொண்டு போன பிறகுதான் இவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

“நான் வேண்டாம்னு சொல்லவே இல்லீங்க. யாரோ எம்புள்ளை கணக்குக்குள்ள பூந்து வர்ற எடத்தையெல்லாம் தட்டி உடறாங்க. இன்னும் ரெண்டு எடம் இப்படிப் போச்சுன்னா, அந்தப் புள்ளைக்கு என்னமோ இருக்குதுன்னு பேச ஆரம்பிச்சுருவாங்க. அப்பறம் எவன் வருவான்?”

“யாரு மேலயாச்சும் சந்தேகம் இருக்குதுங்களா?” என்றேன்.

“சந்தேகம் என்னுங்க சந்தேகம். எங்கண்ணன்தான். தோட்டத்துக்குப் போற தடம் யாருதுன்னு எங்களுக்குள்ள கொஞ்ச நாளாத் தகராறு. வர்ற கோயில் நோம்பிக்குப் பங்காளிக அத்தனை பேரும் வருவாங்க. அங்க வெச்சுக் கேக்கறேன், பாருங்க.”

மைய அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. கோயில் திருவிழாவில் வைத்துக் கேட்டால் அந்தக் கேள்வி பங்காளிகள் எல்லோர் காதிலும் விழும். அவர்களில் பாதிப் பேர் இவரிடம் பதிந்தவர்கள். எனக்கு வேறு மாதிரிக் கோபம். முகம் தெரியாத எவனோ ஒருவன் எங்கேயோ உட்கார்ந்துகொண்டு ஒரு பெண்ணின் வாழ்க்கையைத் தட்டித் தட்டி விடுகிறான் என்பதை நினைக்க உடம்பு எரிந்தது. அவனை இனி உள்ளே விடமாட்டேன் என்று கோழிப்பண்ணைக்காரர் முன்னாலேயே வாக்குக் கொடுத்தேன்.

அந்த வெப்சைட் பி.எச்.பி. என்கிற மொழியில், 5.3 என்கிற மிகப் பழைய பதிப்பில் ஓடிக்கொண்டிருந்தது. அதை ஏன் புதுப்பிக்கவில்லை என்று கேட்கலாம். ஜாதகப் பொருத்தம் பார்க்கிற பகுதிதான் காரணம். அதை எழுதியவர், தன் கணக்கை யாரும் காப்பியடிக்கக் கூடாது என்று யாராலும் படிக்க முடியாதபடி மூடிக் கொடுத்துவிட்டார். அந்த மூடிய கோப்பு 5.3-இல் மட்டும்தான் திறக்கும். வேறு பொருத்த சாஃப்ட்வேர் ஒன்றை ஒருமுறை வாங்கிப் போட்டுப் பார்த்தோம். ஏற்கெனவே கல்யாணம் முடிந்து குழந்தை பெற்ற சில ஜோடிகளுக்கு அது பொருத்தமில்லை என்று சொன்னது. அண்ணன் நடுங்கிப்போனார். “இது வெளிய தெரிஞ்சா என்னை ஊரை உட்டு ஓட்டிருவாங்க அம்மிணி, பழசையே வெச்சுக்கலாம்” என்றார். பழசையே வைத்துக்கொண்டோம்.

ஆகவே பூட்டைத்தான் பழைய பதிப்புக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. கடவுச்சொல்லை யாரும் அப்படியே சேமித்துவைப்பதில்லை. அதை அரைத்துத் தூளாக்கித்தான் வைப்பார்கள். தூளிலிருந்து கடவுச்சொல்லைத் திரும்ப எடுக்க முடியாது. ஆனால் பழைய முறையில் ஒரு கோளாறு உண்டு. ஒரே சொல்லை அரைத்தால் எப்போதும் ஒரே தூள்தான் வரும். அரைப்பதும் மின்னல் வேகம், அதனால் திருடன் ஒருவன் கோடிக்கணக்கான சொற்களை அரைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். பின்னால் வந்த பதிப்பில் இதற்கென்றே ஒரு ஃபங்ஷன், அதாவது தயாரான கட்டளைத் தொகுப்பு, கொடுத்தார்கள். அது ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கொஞ்சம் ‘உப்பு’, அதாவது சில எழுத்துகள், சேர்த்து, வேண்டுமென்றே மெதுவாக அரைக்கும். அதே ஃபங்ஷனை அதே பெயரில் 5.3-க்கு ஏற்றபடி போட்டேன். மொழியில் அது ஏற்கெனவே இருந்தால் ஒதுங்கிக்கொள், இல்லாவிட்டால் மட்டும் வேலை செய் என்று முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும். என்றாவது ஒரு நாள் புதிய பதிப்புக்குப் போனால் நாம் போட்டது தானாகவே விலகிக்கொள்ளும்.

அதில் எனக்கு ஒரு பயமும் இருந்தது. 5.3-இன் ஆரம்பகால வெளியீடுகளில், ஆங்கிலம் அல்லாத எழுத்துகளை இந்த முறையில் அரைக்கும்போது தவறு நேரும். தமிழில் கடவுச்சொல் வைத்தால் பூட்டு பூட்டாமலே பூட்டியதுபோல் இருக்கும். எங்கள் சர்வர் காட்டிய பதிப்பு எண்படி அந்தத் தவறு இருக்க வேண்டும். ஆனால் எண்ணை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது என்று இந்தத் தொழிலில் அடிபட்டுக் கற்றிருக்கிறேன். விடை தெரிந்த கணக்கு ஒன்றைக் கொடுத்துப் பார்த்தேன். விடை சரியாக வந்தது. ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைத் தயாரித்தவர்கள், பதிப்பு எண்ணைத் தொடாமல் திருத்தத்தை மட்டும் உள்ளே வைத்திருக்கிறார்கள். எனக்கு முன்பே முகம் தெரியாத யாரோ இதே வேலையைச் செய்துவிட்டுச் சத்தமில்லாமல் போயிருப்பதைப் பார்த்ததும் மனசுக்குச் சந்தோஷமாக இருந்தது.

பழைய தூள்களையே மறுபடி அரைத்துப் புதிய முறைக்கு மாற்றும்போதுதான் அந்த வேடிக்கை கண்ணில் பட்டது. வரிசைப்படுத்திப் பார்த்தால், ஒரே தூள் பத்துப் பேருக்கு, இருபது பேருக்கு, ஒரு பக்கம் முழுக்க. அப்படியானால் அத்தனை பேருக்கும் ஒரே கடவுச்சொல். யார் இவர்கள் என்று பார்த்தால் எல்லோரும் ஒரே கூட்டம், அதாவது ஒரே வம்சத்துப் பங்காளிகள். அடுத்த கட்டு வேறொரு கூட்டம். எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் எதைப் புதிதாக ஆரம்பித்தாலும் முதலில் எழுதுவது குலதெய்வத்தின் பெயரைத்தான். கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம், லாரியின் முன் கண்ணாடி, கல்யாணப் பத்திரிகையின் உச்சி, எல்லாவற்றிலும் அதுதான். மகளுக்கு வரன் பார்க்கிற நல்ல காரியத்தை ஆரம்பிக்கும்போது, “பாஸ்வேர்டு என்னங்க போடட்டும்?” என்று ஆபீஸில் கேட்டால் எந்தத் தகப்பன் வேறு பெயரைச் சொல்வார்? என் முதல் மின்னஞ்சலின் கடவுச்சொல் என்ன என்று தயவுசெய்து என்னைக் கேட்காதீர்கள்.

இதோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஒரே கூட்டத்துக்குள் பெண் கொடுத்து எடுப்பதில்லை. அதனால் அந்த வெப்சைட்டில் ஒருவரின் பக்கத்தைத் திறந்ததும் பெயருக்கு அடுத்தபடி, படிப்புக்கும் உயரத்துக்கும் முன்னால், கூட்டமும் குலதெய்வமும்தான் இருக்கும். வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியைக் கதவின் மேலேயே ஆணியடித்துத் தொங்கவிட்ட மாதிரி.

அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அவர் நம்பவில்லை.

“உங்க சொந்தத்துல யாராச்சும் பதிஞ்சிருக்காங்களாங்ணா?”

“எந்தங்கச்சி மவ இருக்குதே.”

“தொறந்து காட்டட்டுங்களா?”

சிரித்துக்கொண்டே சரி என்றார். அந்தப் பெண்ணின் பக்கத்தில் இருந்த குலதெய்வத்தின் பெயரை ஆங்கில எழுத்தில் தட்டினேன். கணக்கு திறந்தது. பெண்ணின் போட்டோக்கள், வீட்டு முகவரி, போன் நம்பர், யார் யாரெல்லாம் கேட்டார்கள் என்பது எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அண்ணனின் சிரிப்பு நின்றுபோனது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

“எல்லாத்தையும் மாத்திருங்க அம்மிணி. நீங்க என்ன சொல்றீங்களோ அதான்.”

குலதெய்வம், கூட்டம், ஊர், தகப்பன் பெயர், வண்டி நம்பர் எதுவும் இனிக் கடவுச்சொல்லாக இருக்கக் கூடாது என்று விதி போட்டேன். சில முறை தப்பாகத் தட்டினால் கணக்கு கொஞ்ச நேரம் மூடிக்கொள்ளும். வரும் வெள்ளிக்கிழமை முதல் பழைய கடவுச்சொற்கள் செல்லாது, புதியது வைப்பதற்கான எண் பதிவுசெய்த போனுக்கு வரும் என்று வெப்சைட்டில் அறிவிப்பு வைத்தோம். சந்தேகம் கேட்க என் நம்பரைக் கொடுத்தது என் கெட்ட நேரம். அந்த வாரம் முழுக்க ஊரில் உள்ள தகப்பன்மார் எல்லோரும் என்னோடு பேசினார்கள்.

அறிவிப்பு வந்த மறுநாள் காலையில் போனில் ஒரு பெண் குரல்.

“பதிவு செஞ்ச நம்பர மாத்த முடியுங்களா?”

“பதிஞ்சவங்க நேர்ல வந்து சொன்னா மாத்தலாமுங்க.”

அவ்வளவுதானே என்று போனை வைக்கப் போனேன்.

“போட்டோல இருக்கறவங்க வந்து கேட்டா மாத்துவீங்களாக்கா?”

இந்தத் தொழிலில் இத்தனை வருடமாக இருக்கிறேன், இப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. எங்கே இருக்கிறாய் என்றேன். பக்கத்தில்தான் என்றாள். என் ஆபீஸுக்கு வா என்றேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்கூட்டியில் வந்தாள். கோழித் தீவனத்தைச் சோதிக்கிற ஆய்வகம் ஒன்றில் வேலை. மக்காச்சோளத்தில் பூஞ்சை நஞ்சு இருக்கிறதா என்று பார்க்கிற பிரிவு. துப்பட்டாவில் இன்னும் மருந்து வாசம் இருந்தது. உட்காரச் சொல்வதற்கு முன்பே சொல்லிவிட்டாள்.

“அந்த மூணையும் வேண்டாம்னு போட்டது நாந்தானுங்க்கா.”

கோழிப்பண்ணைக்காரரின் மகள். எந்தத் திருடனை உள்ளே விடமாட்டேன் என்று நான் வாக்குக் கொடுத்தேனோ அந்தத் திருடன் இவள்தான். என் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“பாஸ்வேர்டு எப்படித் தெரியும்?”

“எங்க ஊட்டுல எல்லாத்துக்கும் சாமி பேருதாங்க்கா. டீவி, வைஃபை, பண்ணை கேமரா எல்லாம். சைட்டுக்கும் அதாத்தான் இருக்கும்னு போட்டுப் பாத்தேன், தொறந்துக்கிச்சு.”

“அப்பாகிட்டச் சொல்லிருக்கலாமில்ல?”

“எதைங்க்கா சொல்றது? எனக்கு எந்த எடம் வருதுன்னே எங்கிட்டச் சொல்ல மாட்டாங்க. எல்லாம் பேசி முடிச்சுட்டு, ஞாயித்துக்கெழமை பொண்ணு பாக்க வர்றாங்க, பட்டுச்சீலை எடுத்துக் கட்டுன்னு சொல்லுவாங்க. யாரு வர்றாங்கன்னு நான் அந்த சைட்டுல போயித்தான் பாத்துக்கறேன். எம்போட்டோதானுங்க்கா அதுல இருக்குது.”

ஏன் அந்த மூன்றையும் வேண்டாம் என்றாய் என்று கேட்டேன். வெப்சைட்டில் “எதிர்பார்ப்பு” என்று ஒரு கட்டம் உண்டு. அதில் மூன்று பேருமே வேலைக்குப் போகாத பெண்தான் வேண்டும் என்று எழுதியிருந்தார்களாம். அப்பா ஏக்கரையும் நட்சத்திரத்தையும் பார்ப்பார், அந்தக் கட்டம் வரைக்கும் கீழே இறங்கிப் படிக்க மாட்டார் என்றாள். இவள் அதை மட்டும்தான் படிக்கிறாள். இன்னும் சில இடங்கள் வந்திருக்கின்றன, அவற்றுக்குப் பதிலே போடவில்லை, அவை பரவாயில்லை என்றாள்.

வெள்ளிக்கிழமை வந்தால் எண் அப்பாவின் போனுக்குப் போகும். இவளுக்குத் தன் கல்யாணத்தைப் பார்க்க இருந்த ஒரே ஜன்னலும் அடைபட்டுவிடும். அடைக்கப்போவது நான். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. பூட்டைப் பற்றி அத்தனை யோசித்தேனே, வீடு யாருடையது என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லையே.

“உங்கப்பா உங்க பெரியப்பா மேல பழி சொல்லிட்டு இருக்காரு, தெரியுமா?”

தலையைக் குனிந்துகொண்டாள். “தெரியுமுங்க்கா. நான்னு தெரிஞ்சா அன்னைக்கே வேலையை நிறுத்திப்போடுவாங்க. அந்தப் பயத்துலதான் சும்மா இருக்கறேன்.”

“நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா கோயில் நோம்பிக்கு முன்னால நீயாச் சொல்லிரு. அங்க ரெண்டு குடும்பமும் அடிச்சுக்கிட்டுப் பிரிஞ்சா அதை எந்த சாஃப்ட்வேரும் சேர்த்துவைக்காது.”

சாப்பாட்டு நேரம் முடிந்தது என்று கிளம்பிப் போனாள்.

அன்று சாயங்காலமே அண்ணனிடம் போனேன். பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. புதிய கடவுச்சொல்லுக்கான எண்ணை, பதிந்தவரின் போனுக்கு அனுப்பாமல், போட்டோவில் இருப்பவரின் போனுக்கு அனுப்பலாம் என்று மட்டும் சொன்னேன்.

“என்னம்மிணி பேசறீங்க? அப்பனாத்தா வந்து பதியறாங்க, பீஸ் கட்டறாங்க. புள்ளைக கையில சாவியைக் குடுத்தா நாளைக்கு எங்கிட்ட எவன் வருவான்?”

“உங்க தங்கச்சி மவ போட்டோவை எவன் வேணாலும் பாத்திருக்கலாம்னு தெரிஞ்சதும் தண்ணி குடிச்சீங்களே, அந்தப் புள்ளைக்கு அதைச் சொன்னீங்களாங்ணா? அது போட்டோதானே?”

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்கும் வந்தது. வேறு ஆளை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். படிக்கட்டில் பாதி இறங்கிய பிறகு மேலிருந்து கூப்பிட்டார்.

“ஏனம்மிணி, போன்ல அனுப்பறதுனாலதானே இந்தத் தொல்லை? ரெண்டு பேரும் சேர்ந்து நேர்ல வரட்டும். அப்பன் பக்கத்துல உக்காரட்டும், புள்ளை தட்டட்டும். வந்தாங்கன்னா ஒரு டீயக் குடிச்சுட்டு நாலு வரனும் பாத்துட்டுப் போவாங்க, நமக்கும் நல்லதுதானே?”

லாரி புக்கிங் ஆபீஸில் கற்ற மூளை. நான் கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை, ஆனால் பெண்ணின் கை கீபோர்டுக்கு வந்துவிட்டது. படியேறித் திரும்பிப் போனேன்.

அடுத்த நாட்களில் மையத்தில் கூட்டம் அலைமோதியது. பிள்ளைகளுக்கு வெட்கம், தகப்பன்மாருக்கு அலுப்பு. கோழிப்பண்ணைக்காரரும் மகளும் ஒரு மத்தியானம் வந்தார்கள். அந்த நேரத்தில் வேறு யாரும் இல்லை. என்னை முன்பின் பார்த்திராதவள்போல அவள் உட்கார்ந்தாள். நானும் அப்படியே இருந்தேன்.

“பாஸ்வேர்டு என்ன போடறதுங்கப்பா?” என்று கேட்டாள்.

“என்ன கேள்வி இது? நம்ம சாமி பேரைப் போடு கண்ணு.”

தட்டினாள். இந்தப் பெயரைப் பயன்படுத்த முடியாது என்று சிவப்பில் வந்தது. அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“எங்க சாமி பேரை வேண்டாங்குதா உங்க மிசினு?”

“சாமி பேரு உங்க பங்காளிக அத்தனை பேருக்கும் தெரியுமுங்களே. சைட்டுல உங்க பக்கத்துலயே எழுதியும் இருக்குது. யாரு வேணாலும் போட்டுத் தொறக்கலாமுங்க.”

“அதைத்தானுங்க நானும் ஆரம்பத்துல இருந்து சொல்றேன். எங்கண்ணனுக்கும் அதே சாமிதானே. அவந்தான் பூந்துருக்கறான்.” அவர் குரல் ஏறியது. “நோம்பி அன்னைக்கு நடுக் கோயில்ல வெச்சு அவன் துண்டைப் புடிச்சு இழுத்துக் கேக்கலைன்னா…”

“பெரியப்பா இல்லீங்கப்பா.”

அவர் நிறுத்தினார்.

“நாந்தான். மூணும் நாந்தான் போட்டேன்.”

மைய அண்ணன் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். அவள் அப்பா கை ஓங்கிவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அவர் ஓங்கவில்லை. மேல்துண்டை எடுத்து மடியில் வைத்து, அதை மடித்து, மறுபடியும் பிரித்தார்.

“ஊரெல்லாம் அவன் மேல சொல்லி வெச்சிருக்கறனே கண்ணு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமில்ல?”

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லீங்கப்பா?”

அவள் சத்தமாகச் சொல்லவில்லை. கடைசிச் சொல்லில் குரல் உடைந்தது, அவ்வளவுதான். கீழே ரோட்டில் ஒரு லாரி ஏர் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அண்ணன் எழுந்து டீ சொல்லப் போகிறேன் என்று முணுமுணுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

“சரி. இப்பக் கேக்கறேன்,” என்றார் அவள் அப்பா. “அந்த மூணு பேரும் எதுக்கு வேண்டாம்?”

அவள் கடவுச்சொல் கட்டத்தில் ஏதோ தட்டினாள். நானும் அண்ணனும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். அவள் அப்பாவும் திருப்பிக்கொண்டதை நான் பார்த்தேன். கணக்கு திறந்ததும் முதல் மாப்பிள்ளையின் பக்கத்தை எடுத்துக் கீழே இறக்கி, அந்தக் கட்டத்தில் நிறுத்தித் திரையை அப்பா பக்கம் திருப்பினாள்.

“இதைப் படிச்சீங்களாங்கப்பா?”

சட்டைப் பையைத் தடவினார். “கண்ணாடி கொண்டாரலை. நீயே படி.”

“வேலைக்குச் செல்லாத பெண்,” என்று படித்தாள்.

இரண்டாவதை எடுத்தாள். “வேலைக்குச் செல்ல விரும்பாத, குடும்பப் பாங்கான பெண்.”

மூன்றாவது. “திருமணத்துக்குப் பிறகு வேலையை விட்டுவிட வேண்டும்.”

“இது எப்ப எழுதுனது?”

“மொத நாள்ல இருந்தே இருக்குதுங்கப்பா.”

அவர் தலையைக் குனிந்து யோசித்தார். நான் அண்ணனுக்குச் சைகை காட்டினேன். இருவரும் எழுந்து வெளியே போகக் கதவுப் பக்கம் நகர்ந்தோம். அவர் எங்களைக் கவனிக்கவில்லை. நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில், மகளுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“நீ பதில் போடாம வெச்சிருக்கறதும் இருக்குதில்ல?” என்றார். “அதையும் படி.”